பிரான்ஸ் மாப்பிள்ளை: தாலிக்கு முன்னால் பார்க்க வேண்டிய தாள்கள்

போன வருஷம் ஆடி மாசம் சித்தப்பாவிடமிருந்து போன் வந்தது. "தம்பி, உன் தங்கச்சிக்கு எடம் அமைஞ்சிடுச்சுப்பா. பிரான்ஸ் மாப்ள. ஆவணி கடைசில முகூர்த்தம் வச்சிடலாம்னு பாக்கறோம். பேப்பர் வேலையெல்லாம் அப்புறம் நீ பாத்துக்குடு."

'பேப்பர் வேலையெல்லாம் அப்புறம்' என்று அவர் சொன்னதுதான் இந்தப் பதிவுக்குக் காரணம். சரி, என்னதான் பேப்பர் என்று பார்க்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க, கல்யாணத்துக்குப் பிறகு செய்வதாக நினைத்த வேலையில் பாதி, கல்யாணத்துக்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டியது என்று தெரிந்தது. எங்களைப் போல இன்னும் பல வீடுகள் இருக்கும் என்பதால் எடுத்த குறிப்புகளை ஒழுங்குபடுத்தி இங்கே போடுகிறேன். நான் வக்கீல் இல்லை. விதிகள் அடிக்கடி மாறும். உங்கள் விஷயத்தில் முடிவெடுக்கும் முன் தூதரகத்தின் இணையப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எங்க ஊரும் பிரான்சும்

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் ரோட்டில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வந்தால் திருபுவனை. மண்ணாடிப்பட்டு கொம்யூனைச் சேர்ந்தது. கொம்யூன் என்ற வார்த்தையே பிரெஞ்சுக்காரர் விட்டுப்போனதுதான். இந்தப் பக்கத்து ஊர்களில் 'பிரான்ஸ் வீடு' என்றால் சின்னப் பிள்ளைகூட கை காட்டும். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் மாடி வீடு. ஜூலை, ஆகஸ்ட்டில் அங்கே ஸ்கூல் லீவு விட்டால் மட்டும் ஜன்னல் திறக்கும். அந்த இரண்டு மாசத்தில்தான் பெண் பார்ப்பது, நிச்சயம், கல்யாணம் எல்லாம் அவசர அவசரமாக நடக்கும். மாப்பிள்ளைக்கு லீவு முடியும் தேதிதான் முகூர்த்த நாளை முடிவு செய்கிறது.

இந்த வீடுகள் எப்படி வந்தன? 1954 அக்டோபர் 18-ஆம் தேதி எங்கள் ஊரிலிருந்து ரொம்பத் தூரமில்லாத கீழூரில் ஓட்டெடுப்பு நடந்தது. மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர ஓட்டுப் போட்டார்கள். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கை மாறியது. ஆனால் சட்டப்படியான ஒப்படைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே 28; அது நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16. அதுவரை பிரெஞ்சுக் குடிமக்களாக இருந்து, இங்கேயே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் அன்றைக்கு இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். வேண்டாம், பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்கிறேன் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சில ஆயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த 'சொல்தா' குடும்பங்கள் அதில் நிறைய. சைகோன் மாதிரி வெளிநாட்டில் அப்போது குடியிருந்தவர்களுக்கு எழுதிக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர்கள் பிரெஞ்சுக்காரர்களாகவே தொடர்ந்தார்கள்.

அந்த ஆறு மாதத்தில் ஒரு தாத்தா கையெழுத்துப் போட்டாரா இல்லையா என்பதுதான் இன்றைக்கும் எங்கள் பக்கத்துக் கல்யாணப் பேச்சில் வந்து நிற்கிறது.

'பிரான்ஸ்ல இருக்கார்' என்றால் என்ன?

தரகர் சொல்லும் 'பிரான்ஸ் மாப்பிள்ளை'யில் மூன்று விதம் உண்டு. முதல் கேள்வியாக இதைக் கேட்டுவிட வேண்டும்.

ஒன்று, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். இவரை மணப்பவருக்கு 'பிரெஞ்சுக்காரரின் துணை' என்ற வகையில் நேரடியாக விசா கேட்கும் உரிமை உண்டு.

இரண்டு, இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு அங்கே தங்க அட்டை மட்டும் வாங்கியவர். இவர் மனைவியை அழைக்கப் பொதுவான வழி 'குடும்ப இணைப்பு'. அதற்கு இவர் சட்டப்படி 18 மாதம் அங்கே இருந்திருக்க வேண்டும். வருமானம் அங்கத்திய குறைந்தபட்சக் கூலி அளவுக்காவது இருக்க வேண்டும். வீடு இத்தனை சதுர மீட்டர் என்று அளவு உண்டு. இந்த வழியில் மனைவி போய்ச் சேர ஒன்றிரண்டு வருஷம் ஆகிவிடலாம்.

மூன்று, 'எங்க தாத்தா பிரெஞ்சு, எனக்கும் நேஷனாலிட்டி வந்துடும்' என்பவர். இங்கேதான் ரொம்ப உஷாராக இருக்க வேண்டும். தாத்தா பிரெஞ்சுக்காரர் என்பது மட்டும் போதாது. அப்பாவும் பையனும் தொடர்ந்து பிரெஞ்சுக்காரர்களாகப் பதிவாகி வந்திருக்க வேண்டும். பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 30-3ஆம் பிரிவு, அரை நூற்றாண்டுக்கு மேல் வெளிநாட்டிலேயே இருந்து, பிரெஞ்சுக்காரராக நடத்தப்பட்டதற்கான எந்த அடையாளமும் இல்லாத குடும்பம், வம்சாவளியைக் காட்டிக் குடியுரிமையை நிரூபிக்கும் கதவை அடைத்துவிடுகிறது. 1962-லிருந்து ஐம்பது வருஷம் என்றால் 2012. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 'வந்துடும்' என்ற வார்த்தையை நம்பிப் பெண் கொடுக்கக் கூடாது. கையில் இருக்கும் குடியுரிமைச் சான்றிதழை, இல்லாவிட்டால் பிரெஞ்சு அடையாள அட்டையை, பாஸ்போர்ட்டைப் பார்க்க வேண்டும்.

எங்கள் மாப்பிள்ளை முதல் வகை. அவருடைய தாத்தா சொல்தா. தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் அவருக்கும் பிரெஞ்சுப் பதிவேட்டில் பிறப்புப் பதிவு இருந்தது. சித்தப்பாவிடம் அதைச் சொன்னபோது "அதான் நல்ல குடும்பம்னு சொன்னேனே" என்றார்.

ஸ்பான்சர் என்ற சொல்

நம் ஊரில் 'ஸ்பான்சர் பண்றது' என்று எல்லா நாட்டுக்கும் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். நாட்டுக்கு நாடு அதன் அர்த்தம் வேறு.

அமெரிக்காவில் அழைப்பவர், வருகிறவரின் செலவுக்கு நான் பொறுப்பு என்று அரசுக்கு எழுதிக் கொடுக்கிறார். வருமானம் ஏழ்மைக் கோட்டின் 125 சதவீதமாவது இருக்க வேண்டும். விவாகரத்து ஆனாலும் அந்தப் பொறுப்பு தானாகத் தீராது. கல்யாணம் ஆகி இரண்டு வருஷத்துக்குள் போனால் முதலில் கிடைப்பது இரண்டு வருஷத்து நிபந்தனை கிரீன் கார்டு. கனடாவில் கணவனோ மனைவியோ நிரந்தரக் குடியிருப்பு நேரடியாகவே கிடைக்கும். அழைப்பவர் மூன்று வருஷம் பொறுப்பேற்க வேண்டும். இரண்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்தே தீர வேண்டும் என்ற நிபந்தனை அங்கே 2012-லிருந்து இருந்தது; கொடுமை செய்யும் துணையோடு பெண்களைக் கட்டிப்போடுகிறது என்ற எதிர்ப்பு எழுந்து 2017-ல் அதை எடுத்துவிட்டார்கள். பிரிட்டனில் அழைப்பவருக்கு வருஷத்துக்கு 29,000 பவுண்டு வருமானம் வேண்டும் என்று 2024 ஏப்ரலில் உயர்த்தினார்கள்.

பிரான்சில், பிரெஞ்சுக் குடிமகன் தன் மனைவியை அழைக்க வருமான வரம்பு கிடையாது. அவர் யாரையும் 'ஸ்பான்சர்' செய்வதும் இல்லை. விண்ணப்பிப்பது மனைவிதான். அரசு கேட்பது வேறு இரண்டு விஷயம்: இந்தக் கல்யாணம் உண்மையா, நீங்கள் இருவரும் சேர்ந்து வாழ்கிறீர்களா. பணத்தைப் பார்க்காத இடத்தில் வாழ்க்கையைப் பார்க்கிறார்கள்.

தாலிக்கு முன்னால்

பிரெஞ்சுக் குடிமகன் இந்தியாவில் கல்யாணம் செய்துகொள்ள முதலில் தூதரகத்திடம் 'திருமணத் தகுதிச் சான்றிதழ்' வாங்க வேண்டும். பிரெஞ்சில் அதன் பெயர் 'செர்த்திஃபிகா த கபாசித்தே அ மரியாழ்'. இருவருடைய பிறப்புச் சான்று, இதற்கு முன் கல்யாணம் ஆகவில்லை என்பதற்கான சான்று எல்லாம் கொடுத்த பிறகு, இன்னார் இன்னாரை மணக்கப் போகிறார் என்று பத்து நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள். புதுச்சேரித் தூதரகத்திலும் ஒட்டுவார்கள். மாப்பிள்ளை குடியிருக்கும் ஊரின் மேரியிலும், அதாவது நகராட்சி அலுவலகத்திலும், ஒட்டுவார்கள். தேவைப்பட்டால் இருவரையும் கூப்பிட்டுத் தனித்தனியாகவும் பேசுவார்கள். 2006 நவம்பரில் வந்த சட்டம் இந்த ஏற்பாட்டை இறுக்கியது.

சான்றிதழ் வாங்காமல் கல்யாணம் செய்தால் என்ன ஆகும்? நம் ஊரில் அது செல்லும். ஆனால் அந்தக் கல்யாணம் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற வேண்டுமே. அதை ஏற்றாமல் மனைவி விசா கிடையாது. விடுபட்ட அறிவிப்பு, விசாரணை எல்லாம் அப்போது நடக்கும். சந்தேகம் வந்தால் கோப்பு நாந்த் நகரத்து அரசு வழக்கறிஞருக்குப் போகும். அவர் முடிவு சொல்ல ஆறு மாதம். தாலி கட்டிய மூன்றாம் வாரம் மாப்பிள்ளை விமானம் ஏறிவிடுவார். பெண், மாமியார் வீட்டிலோ அம்மா வீட்டிலோ, இன்றைக்கு வருமா நாளைக்கு வருமா என்று உட்கார்ந்திருப்பாள். எங்கள் உறவிலேயே ஒரு அக்கா அப்படி ஒன்றரை வருஷம் உட்கார்ந்திருந்தாள். ஊர் பேசிய பேச்சு தனிக் கதை.

இன்னும் சில உள்ளூர்ச் சிக்கல்கள்:

எழுத்து. 'முருகன்' என்ற பெயரைப் பிரெஞ்சுப் பதிவேடு எழுதும் விதம் வேறு, நம் ரேஷன் கார்டு எழுதும் விதம் வேறு. பிரெஞ்சில் 'உ' ஒலிக்கு 'ஓ', 'யு' என்று இரண்டு எழுத்து. கடைசியில் ஒரு 'இ' வேறு ஒட்டிக்கொள்ளும். அப்பா பெயர் ஒரு தாளில் முழுசாக, இன்னொன்றில் இனிஷியலாக இருக்கும். இதையெல்லாம் முன்கூட்டியே சரிசெய்யுங்கள். வெளிநாட்டுச் சான்றிதழில் முறைகேடு தெரிந்தால் ஏற்க வேண்டியதில்லை என்று சிவில் சட்டத்தின் 47-ஆம் பிரிவு சொல்கிறது. சந்தேகம் வந்தால் நம் கொம்யூனில் இருக்கும் மூலப் பதிவேட்டையே சரிபார்ப்பார்கள்.

பதிவு. கோவிலில் நடந்த கல்யாணம் அரசுப் பதிவில் ஏறினால்தான் தாள். சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்வதாக இருந்தால் 30 நாள் அறிவிப்புக் காலம் உண்டு. மாப்பிள்ளையின் லீவுக் கணக்கில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 'ரெனோன்சான்' குடும்பமாக இருந்தால் அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். 1881-ஆம் வருஷத்து ஆணைப்படி தங்கள் சாதி, மத வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்கள் அவர்கள். புதுச்சேரிக்கு நீட்டப்பட்ட இந்துத் திருமணச் சட்டம் இன்றைக்கும் அவர்களுக்குப் பொருந்தாது.

நேரில் இருப்பது. பிரெஞ்சுக்காரரின் கல்யாணம் எந்த நாட்டில் நடந்தாலும் அவர் அங்கே நேரில் இருந்தாக வேண்டும். இருவருக்கும் 18 வயது முடிந்திருக்க வேண்டும்.

சித்தி பயந்தது விசாரணைக்குத்தான். "அவங்க லவ் பண்ணீங்களான்னு கேட்டா இவ என்னத்தச் சொல்லுவா?" ஒரு ஏஜென்ட், இரண்டு வருஷம் போனில் பேசிப் பழகியதாகச் சொல்லச் சொல்லிக் கொடுத்தாராம். செய்யவே கூடாத வேலை. பெற்றோர் பார்த்த கல்யாணம் பிரெஞ்சுச் சட்டத்தில் குற்றமில்லை. சம்மதம் இல்லாத கல்யாணம்தான் செல்லாது. உள்ளதை உள்ளபடி சொல்லலாம்: அத்தை வழியில் சம்பந்தம் வந்தது, மூன்று முறை வீட்டில் பார்த்தோம், போனில் பேசுகிறோம், எனக்குச் சம்மதம். இல்லாத காதல் கதையைச் சொன்னால் இரண்டு பேர் கதையும் இரண்டு விதமாக வரும். அப்போதுதான் உண்மையான கல்யாணமே பொய் மாதிரித் தெரியும். தங்கும் உரிமைக்காகவே நடத்தும் பொய்க் கல்யாணத்துக்கு அங்கே ஐந்து வருஷம் சிறை, 15,000 யூரோ அபராதம்வரை போகும்.

தங்கச்சி கேட்ட கேள்வி

இதையெல்லாம் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருந்தேன். எத்தனை நாள் ஆகும், எவ்வளவு செலவு, மாப்பிள்ளை வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். காபி டம்ளர் எடுக்க வந்த தங்கச்சி நின்று, "அண்ணா, அங்க போய் ஒத்துவரலன்னா நான் என்னா ஆவேன்?" என்றாள்.

சித்தி "வாயக் கழுவு" என்றாள். நான் அப்போது பதில் சொல்லவில்லை, எனக்கே தெரியாது. அன்றைக்கு ராத்திரி படித்ததைத்தான் மறுநாள் அவளிடம் மட்டும் சொன்னேன்.

முதலில் கிடைப்பது அதிகபட்சம் ஒரு வருஷத்து நீண்டகால விசா. போய் இறங்கிய மூன்று மாதத்துக்குள் அதை இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும். இது கணவன் செய்ய வேண்டிய வேலை என்று விட்டுவிடக் கூடாது. தவறினால் தங்குவதே சட்டப்படி இல்லாமல் போகும். இந்த விசாவிலேயே வேலைக்குப் போகலாம். குடியேற்ற அலுவலகம் கூப்பிட்டு, ஒருங்கிணைப்பு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வாங்கி, மொழி வகுப்புக்கும் குடிமைப் பயிற்சிக்கும் அனுப்பும். அடுத்தது பொதுவாக இரண்டு வருஷ அட்டை. மூன்று வருஷம் சேர்ந்து வாழ்ந்த பிறகு பத்து வருஷ அட்டை கேட்கலாம். நம் ஊர் 'பிஆர்' என்று சொல்வதற்கு அருகில் வருவது இதுதான். கல்யாணமாகி நான்கு வருஷத்துக்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். கிடைத்த நாளோடு இந்தியக் குடியுரிமை போய்விடும். 2026 ஜனவரி 1 முதல் மொழி விதி இறுகியிருக்கிறது: பத்து வருஷ அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2 அளவு பிரெஞ்சு தெரிய வேண்டும்.

அவள் கேள்விக்கான பதில் இந்த முதல் மூன்று நான்கு வருஷத்துக்குள் இருக்கிறது. அந்தக் காலத்தில் அவள் தங்கும் உரிமை, சேர்ந்து வாழ்வதோடு கட்டப்பட்டிருக்கிறது. பிரிந்தால் அட்டையைத் திரும்ப வாங்கலாம், புதுப்பிக்காமல் விடலாம். பத்து வருஷ அட்டை வாங்கிய பிறகும், கல்யாண நாளிலிருந்து நான்கு வருஷத்துக்குள் பிரிந்தால் அதை எடுக்க வழி இருக்கிறது. குழந்தை பிறந்திருந்தால் பொதுவாக எடுப்பதில்லை.

ஆனால் சட்டம் இரண்டு பேரைத் தனியாக வைத்திருக்கிறது. கணவன் இறந்துபோனால் அட்டை போகாது. கணவனின் வன்முறையால் பிரிந்தாலும் அட்டை போகாது. புதுப்பித்தே கொடுக்க வேண்டும். அடிப்பது மட்டும்தான் வன்முறை என்று அங்கே நினைப்பதில்லை. புகார் கொடுத்த தாள், டாக்டர் சான்று எல்லாம் ஆதாரம். வன்முறைக்கு உள்ளாகும் பெண்கள் பேச 3919 என்ற இலவச எண் இருக்கிறது. 'வீட்டை விட்டுப் போனா உன்ன இந்தியாவுக்கே அனுப்பிடுவேன்' என்று ஒருவன் சொன்னால், அனுப்பும் அதிகாரம் அவன் கையில் இல்லை. பிரெஞ்சுக் குழந்தையின் தாய் என்ற வகையில் தனி அட்டை கேட்கவும் வழி உண்டு.

அவள் ஒரு நோட்டை எடுத்து வந்து 3919-ஐ எழுதிக்கொண்டாள். பிறகு, "பாஸ்போர்ட்ட யாரு வச்சிருப்பா?" என்றாள். "நீதான். அதோட காப்பி எங்கிட்டயும் இருக்கட்டும்" என்றேன்.

கேட்க வேண்டியவை

பெண் வீட்டார், பையன் வீட்டார் யாராக இருந்தாலும் (இப்போது பிரெஞ்சுப் பெண்ணை மணந்து போகும் பையன்களும் எங்கள் பக்கம் உண்டு, விதி இரண்டு பேருக்கும் ஒன்றுதான்) நிச்சயத்துக்கு முன் இவ்வளவையும் கேட்டுவிடுங்கள்:

குடியுரிமையா, தங்கும் அட்டையா? தாளைப் பார்த்தீர்களா?

இதற்கு முன் அங்கே கல்யாணம் பதிவாகியிருக்கிறதா? பிரெஞ்சுப் பிறப்புச் சான்றின் ஓரக் குறிப்பில் கல்யாணம், விவாகரத்து எல்லாம் ஏறியிருக்கும். புதிதாக எடுத்த முழுப் பிரதியைக் கேளுங்கள்.

தூதரகச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் முகூர்த்தம் என்று இரண்டு வீட்டாரும் ஒப்புக்கொள்கிறார்களா?

போகிறவருக்கு மொழி படிக்க இப்போதே நேரமும் பணமும் கொடுப்பீர்களா?

கடைசிக் கேள்வியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் வீடு, மொழி வகுப்புக்குப் பணம் கட்ட யோசிக்கிறது. மொழி தெரியாதவள் அங்கே டாக்டரிடம் போகவும் கணவன் வர வேண்டும், அரசு அலுவலகத்துக்குப் போகவும் கணவன் வர வேண்டும். எல்லாத் தாளும் அவன் கை வழியாகத்தான் அவளிடம் வரும்.

எங்கள் வீட்டில் முகூர்த்தம் ஆவணியிலிருந்து தைக்குத் தள்ளிப்போனது. சித்தப்பாவுக்கு இரண்டு வாரம் என்மேல் கோபம். மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அம்மாவே, "நானும் அப்டித்தான் வந்தேன், பொறுமையாவே செய்யலாம்" என்று போனில் சொன்னாராம். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். தங்கச்சி இருந்ததை இருந்தபடி சொல்லிவிட்டு வந்தாள். சான்றிதழ் வந்தது. தையில் கல்யாணம் முடிந்து, பிரெஞ்சுப் பதிவேட்டிலும் ஏறிவிட்டது.

இப்போது அவள் விசாவுக்காகக் காத்திருக்கிறாள். வாரத்தில் மூன்று நாள் திருபுவனையில் பஸ் ஏறிப் புதுச்சேரி அலியான்ஸ் பிரான்சேஸுக்கு வகுப்புக்குப் போகிறாள். 1889-லிருந்து பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் இடம் அது. போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனபோது, டாக்டரிடம் போனால் எங்கே வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது என்று பிரெஞ்சில் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, அவள் சொல்வது சரியா தப்பா என்று தெரியாமலே தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.